கிடங்கு மண்ணிலிருந்து நுரையீரலுக்கு: வடசென்னையில் ஒரு ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் (மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் தொற்று) நிகழ்வு ஆய்வு

42 வயதுடைய கட்டடத் தொழிலாளி ஒருவர், ஐந்து வாரங்களுக்கும் மேலாகக் காசநோய் மருந்து உட்கொண்டும் காய்ச்சல் தணியாமல், உடல் எடை குறைந்துகொண்டே வந்த நிலையில், தண்டையார்பேட்டைப் பகுதியில் நான் நோயாளிகளைப் பார்க்கும் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குத் தம் மனைவியுடன் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இரண்டு எக்ஸ்ரே படங்களும், மூன்று இடங்களில் எழுதப்பட்ட நான்கு ஓ.பி. சீட்டுகளும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளும் இருந்தன. நான்கு சீட்டுகளிலும் 'தொழில்' என்ற இடத்தில் ஒரே சொல்தான் எழுதப்பட்டிருந்தது: கூலி. அன்று நான் எழுதிய ஐந்தாவது சீட்டிலும் அதையேதான் எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்குள் என்ன மூடிக் கிடந்தது என்பதை அறிய எனக்கு மேலும் ஐந்து நாட்கள் ஆயின. இந்த ஆய்வை விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

ஒப்புதல் படிவத்தை நோயாளிக்கும் அவர் மனைவிக்கும் தமிழில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற்றிருக்கிறேன். பெயர், தெரு, கிடங்கின் இருப்பிடம் ஆகியவற்றைத் தவிர்த்திருக்கிறேன். நாட்களை, பின்னர் விவரிக்கும் கிடங்கு வேலைக்கு அவர் சென்ற முதல் நாளை ஒன்றாகக் கொண்டு எண்ணியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

13ஆம் நாள் மாலை குளிருடன் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. உடல்வலி, தலைவலி, சளியில்லாத வறட்டு இருமல், மூச்சை இழுத்து விடும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம். வீட்டருகே இருந்த கிளினிக்கில் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டும் பலனில்லை. 30ஆம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களிலும் சிறு சிறு புள்ளிகள் சிதறித் தெரிந்தன. நுரையீரல் வேர்ப்பகுதியின் நிணநீர்க்கணுக்கள் வீங்கியிருந்தன. சளி வராததால் எச்சில் கலந்த மாதிரியையே கொடுத்திருக்கிறார். அதில் சிபிநாட் சோதனை காசநோய்க் கிருமி இல்லை என்றது. ஆனாலும் படமும், மாலைக் காய்ச்சலும், இரவு வியர்வையும், எடைக்குறைவும் சேர்ந்து காசநோயைச் சுட்டியதால் 34ஆம் நாள் நான்கு மருந்துகள் அடங்கிய கூட்டுச் சிகிச்சை தொடங்கப்பட்டது.

இந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் முதலில் என்னிடம் வந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு 1956இல் தொடங்கியது இந்த ஊரில்தான். அதை நடத்திய மையமே இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. சென்னையில் நெஞ்சக மருத்துவம் படித்த எவருடைய கையும் சிதறிய புள்ளிகளைப் பார்த்தவுடன் காசநோயை எழுதத்தான் போகும், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு எழுகிறது: மருந்து வேலை செய்யாதபோது, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயோ என்று சந்தேகிக்கிறோமே தவிர, இது காசநோய்தானா என்ற முதற்கேள்விக்கு நாம் எளிதில் திரும்பிப் போவதில்லை.

72ஆம் நாள் எங்களிடம் வந்தபோது காய்ச்சல் 101.4 டிகிரி ஃபாரன்ஹீட், நாடி 108, மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் அளவு 94 விழுக்காடு. 61 கிலோவாக இருந்த எடை 54 கிலோவாகியிருந்தது. வாயில் புண் இல்லை, கழுத்தில் கட்டி இல்லை, ஈரலும் மண்ணீரலும் கைக்குத் தட்டுப்படவில்லை. சர்க்கரை நோய் இல்லை, ஹெச்.ஐ.வி. இல்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பீடி பிடித்தவர். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு 74. சி.டி. ஸ்கேனில் மூன்று முதல் பத்து மில்லிமீட்டர் அளவுள்ள முடிச்சுகள் இரு நுரையீரல்களிலும் ஓர் ஒழுங்கின்றிப் பரவியிருந்தன. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஒரு நிணநீர்க்கணு, அதன் நடுப்பகுதி சிதைந்த நிலையில் தெரிந்தது.

காசநோய் தொற்றிவிடும் என்று அஞ்சி, அவர் பல வாரங்களாக மொட்டை மாடியில் தனியாகப் படுத்து வந்தார் என்பதையும், அவருக்கென்று தனித் தட்டும் தம்ளரும் வைக்கப்பட்டிருந்தன என்பதையும் அன்று அவர் மனைவி சொன்னார். அதை ஒரு குடும்பத் துயரமாகக் கேட்டுக்கொண்டேன். நோய் வரலாற்றின் ஒரு பகுதியாக அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மாடியில் இருந்த புறாக்கள்

மாடி என்றதும் புறா நினைவுக்கு வந்ததால் கேட்டேன். அவரிடம் 22 பந்தயப் புறாக்கள் இருந்தன. வடசென்னையில் இது வியப்புக்குரியதன்று. வியாசர்பாடியிலிருந்து காசிமேடு வரை மாடிக்கு மாடி புறாக்கூண்டுகளைப் பார்க்கலாம், வேலையில்லாத மாதங்களில்கூடப் புறாவுக்குத் தீனி குறையாமல் பார்த்துக்கொள்பவர்களை நான் அறிவேன். புறாவின் இறகுத்தூளும் எச்சமும் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். பழைய புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் நுரையீரலைத் தாக்கும். எனவே என் கவனம் முழுவதும் புறாக்கள் மேல் திரும்பியது.

கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் சோதனை எதிர்மறையாக வந்தது. ஒவ்வாமை அழற்சிக்கு ஸ்டீராய்டு தரலாமா என்று எண்ணிச் சீட்டில் பிரெட்னிசோலோன் என்று எழுதவும் செய்து, நிணநீர்க்கணு அவ்வளவு பெரிதாகி நடுவில் சிதைந்திருப்பது அந்த நோய்க்குப் பொருந்தவில்லையே என்ற உறுத்தலால், திசுப் பரிசோதனை முடியும்வரை அதை நிறுத்திவைத்தேன். அந்த மாத்திரையை அவர் அன்றே விழுங்கத் தொடங்கியிருந்தால், உடலின் தற்காப்பு தளர்ந்து, நுரையீரலோடு நின்றிருந்த தொற்று ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் பரவியிருக்கக்கூடும்.

77ஆம் நாள், திசு எடுப்பதற்கான தேதியைச் சொல்ல அவர்களை அழைத்திருந்தேன். புறாக்களை எங்காவது கொடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பேசினார்.

"பதினாறு வயசுலருந்து புறா வச்சிக்கினு இருக்காரு சார். ஒரு நாளு இருமுனது இல்ல. அந்த குடோன் வேலைக்கு போய்ட்டு வந்தாரே, அதுலருந்துதான் இப்டி."

"எந்தக் குடோன்?"

"பழைய குடோன் சார், ஓட்டு கட்டடம். இடிக்கிறதுக்கு முன்னால காலி பண்ணுனோம்," என்றார் அவர். "பரண் மேல முட்டிக்கால் உயரத்துக்கு வவ்வா புழுக்க. நான்தான் மேல ஏறி மம்மட்டியால தள்ளுனேன். கீழ ரெண்டு பேரு கோணில அள்ளுனாங்க. எதுர்ல நிக்கிற ஆளு தெரியாது, அவ்ளோ புழுதி. கர்ச்சீப்ப மூஞ்சில கட்டிக்கினேன்."

அந்த ஒன்பது நாட்களும் அவருடைய சட்டையை ஊறவைத்த வாளித் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருந்தது என்றும், மூன்று முறை அலசியும் நாற்றம் போகவில்லை என்றும் மனைவி சேர்த்துச் சொன்னார். என் மேசையில் இருந்த சீட்டை எடுத்து, 'கூலி' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினேன்: 'கட்டட இடிப்புத் தொழிலாளி. நோய் தொடங்குவதற்கு 4 முதல் 12 நாட்களுக்கு முன்பு, மூடிய பழைய கிடங்கில், வவ்வால் எச்சம் கலந்த உலர்ந்த மண்ணை ஒன்பது நாட்கள் அள்ளியவர். முகக்கவசம் இல்லை.' எழுதி முடித்தபோது நோயின் பெயர் ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டதைப் போலவே எனக்குத் தோன்றியது.

ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம் என்ற பூஞ்சை மண்ணில் வாழ்வது. பறவை எச்சமும் வவ்வால் எச்சமும் மண்ணில் கலந்து நாட்பட்டு மக்கும்போது கிடைக்கும் நைட்ரஜன் அதற்கு நல்ல உரம். பறவைகளின் உடல்வெப்பம் அதிகம் என்பதால் அவற்றுக்கு இந்தத் தொற்று வருவதில்லை, வவ்வால்களுக்கு வரும், அவை தம் கழிவின் வழியே பூஞ்சையைப் புதிய இடங்களுக்குக் கொண்டுபோகவும் செய்யும். மண்ணைக் கிளறும்போது எழும் புழுதியில் இரண்டு முதல் ஐந்து மைக்ரான் அளவே உள்ள நுண்வித்துகள் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்றுவிடுகின்றன. கைக்குட்டை அவற்றைத் தடுக்காது. உடலின் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவை ஈஸ்ட் வடிவத்துக்கு மாறி, தம்மை விழுங்க வரும் மேக்ரோபேஜ் செல்களுக்குள்ளேயே பெருகுகின்றன. புழுதியைச் சுவாசித்ததிலிருந்து அறிகுறி தோன்ற மூன்று முதல் பதினேழு நாட்கள் ஆகும். அன்றாடம் கழுவிச் சுத்தம் செய்யப்பட்ட மாடிக்கூண்டுக்கும், பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பரணுக்கும் உள்ள வேறுபாட்டை நான் முதல் நாளே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

திசுவில் கண்டது

79ஆம் நாள் மூச்சுக்குழாய் உள்நோக்கியும், ஈபஸ் என்று நாங்கள் சொல்லும் முறையில், மூச்சுக்குழாய்க்குள்ளிருந்தே அல்ட்ராசவுண்டில் பார்த்து நிணநீர்க்கணுவை ஊசியால் துளைத்துத் திசு எடுப்பதும் செய்யப்பட்டன. திசுவோடு அனுப்பும் கோரிக்கைப் படிவத்தில் வழக்கமாக நாங்கள் எழுதுவது 'காசநோய்? சார்காய்டோசிஸ்?' என்ற இரண்டு சொற்கள்தாம் (பின்னது, தொற்றாக அல்லாமல் நிணநீர்க்கணுக்களை வீங்கவைக்கும் ஓர் அழற்சி நோய்). இம்முறை கிடங்கு மண்ணைப் பற்றிய மூன்று வரிகளையும் எழுதி, 'ஹிஸ்டோபிளாஸ்மா ஐயம். பூஞ்சைச் சாயங்கள் தேவை. வளர்ப்புத் தட்டுகளை ஆறு வாரம் வைக்கவும். பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும் திறக்கவும்' என்று சேர்த்தேன்.

அந்த வரிகள் இரண்டு இடங்களில் வேலை செய்தன. முதலாவதாக, திசுவில் கிரானுலோமாவும் (அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) நடுவே பாலாடைக்கட்டி போன்ற சிதைவும் இருந்தன. இவை காசநோயின் அடையாளங்களாகவே நமக்குக் கற்பிக்கப்பட்டவை, இசட்.என். சாயத்தில் காசநோய்க் கிருமி தெரியாவிட்டாலும், காசநோய் மருந்தைத் தொடரலாம் என்று அறிக்கை எழுதிவிட இது போதும். ஹிஸ்டோபிளாஸ்மாவும் இதே சிதைவை உண்டாக்கும் என்பதால், நோய்க்குறியியல் மருத்துவர் மெத்தனமைன் சில்வர் சாயமிட்ட கண்ணாடி வில்லையையும் தயாரித்து, 83ஆம் நாள் காலை என்னை அழைத்து, "சார், நேர்ல வந்து ஒரு தடவை பாருங்க," என்றார்.

பச்சைப் பின்னணியில், கறுப்பு மிளகுத்தூளை ஒரு சிட்டிகை தூவியதைப் போல இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு புள்ளியும் இரண்டு முதல் நான்கு மைக்ரான் அளவில், நீள்வட்டமாக, கூட்டங்கூட்டமாகத் தெரிந்தது. தாய்ச் செல்லிலிருந்து குறுகிய கழுத்துடன் மொட்டு விடும் இரண்டு செல்களை அவர் எனக்குச் சுட்டிக்காட்டினார். மியூசிகார்மைன் சாயத்தில் உறை தெரியாததால் கிரிப்டோகாக்கஸ் விலக்கப்பட்டது. செல்லின் நடுவே குறுக்குச் சுவரிட்டுப் பிரியும் டலரோமைசஸ் மார்னெஃபி என்ற பூஞ்சையைப் போலவும் இது இல்லை.

விலக்க வேண்டிய இன்னொன்று லீஷ்மேனியா, காலா அசார் என்ற நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி. அதைப் பற்றிச் சொல்லும்போது இந்த ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் 1903இல் காலா அசார் நோயாளிகளின் மண்ணீரலில் கண்ட நுண்ணுடல்கள், அவற்றைத் தனியே கண்ட லீஷ்மன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து இன்றும் வழங்கப்படுகின்றன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பனாமா கால்வாய்ப் பகுதியில், காசநோயால் இறந்ததாகத் தோன்றிய ஒரு தொழிலாளியின் உடலைச் சோதித்த சாமுவேல் டார்லிங், மேக்ரோபேஜ்களுக்குள் டோனவன் கண்டதைப் போன்ற நுண்ணுடல்களைக் கண்டார். அவற்றில் கைனெட்டோபிளாஸ்ட் என்ற உள்ளுறுப்பு இல்லாததைக் கவனித்து, இது வேறு உயிர் என்று முடிவுசெய்தார். உறையுள்ள ஒரு புரோட்டோசோவா (ஒற்றைச் செல் ஒட்டுண்ணி) என்று எண்ணி அவர் இட்ட பெயரில்தான் 'கேப்சுலேட்டம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு உறையுமில்லை, அது புரோட்டோசோவாவுமில்லை. பூஞ்சை என்பது பின்னர்தான் தெளிவாயிற்று, 1949இல் சி. டபிள்யூ. எம்மன்ஸ் அதை மண்ணிலிருந்து பிரித்தெடுத்ததாக அறிவித்த பிறகே நோயின் இருப்பிடமும் விளங்கியது. முதன்முதலில் காணப்பட்டபோதே இது காசநோயின் வேடத்தில் ஓர் உடலுழைப்பாளியின் நுரையீரலில் இருந்தது என்பதை எங்கள் வில்லையைப் பார்த்தபோது நான் எண்ணிக்கொண்டேன். லீஷ்மேனியா சில்வர் சாயத்தை ஏற்காது. எங்கள் வில்லையில் இருந்தவை நன்றாகவே ஏற்றிருந்தன.

இரண்டாவதாக, வளர்ப்புத் தட்டு. நான்கு வாரத்தில் தட்டுகளைக் கழிப்பது எங்கள் ஆய்வகத்தில் வழக்கம். படிவத்தில் ஆறு வாரம் என்று எழுதியிருந்ததால் அவை வைக்கப்பட்டிருந்தன. சபூரோ அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில், மாதிரியை இட்டதிலிருந்து 31ஆம் நாள் வெண்பஞ்சு போன்ற வளர்ச்சி தலைகாட்டியது. பாதுகாப்புப் பெட்டிக்குள் எடுத்த லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாய வில்லையில், எட்டு முதல் பதினைந்து மைக்ரான் அளவுள்ள உருண்டை வித்துகள், சுற்றிலும் விரல் போன்ற முனைப்புகளோடு காணப்பட்டன. மரபணு வரிசைச் சோதனையும் இதையே உறுதிசெய்தது. இந்தப் பூஞ்சையின் இழை வடிவம் ஆய்வகப் பணியாளர்களுக்கு ஆபத்தானது. ஐயத்தைச் சொல்லாமல் அனுப்பப்படும் ஒரு மாதிரியைத் திறந்த மேசையில் வைத்துப் பார்க்கும் டெக்னீஷியன் மூச்சோடு அதை இழுத்துக்கொள்ளலாம். படிவத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதுவது அவர்களுக்கு நாம் தரவேண்டிய பாதுகாப்பு. சிறுநீரில் ஆன்டிஜென் பார்க்கும் சோதனை எங்களுக்கு எளிதில் கிட்டாததால் திசுவையும் வளர்ப்பையுமே நம்பினோம். வயிற்று சி.டி.யில் அட்ரீனல் சுரப்பிகள் இயல்பாக இருந்தன, அவை சுரக்கும் கார்ட்டிசாலின் காலை அளவும் சரியாக இருந்தது. நம் நாட்டில், நோய் எதிர்ப்பு குன்றாதவர்களிடத்தும் பரவிய ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் அட்ரீனலை வீங்கவைத்துக் காணப்படுவது உண்டு என்பதால் அதைப் பார்க்காமல் விட முடியவில்லை.

கிடங்குக்குச் சென்றது

உரிமையாளரின் அனுமதி பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரியுடன் அங்கு போனேன். மங்களூர் ஓடுகள் பாதி இறக்கப்பட்டிருந்தன. தேக்கு உத்திரங்களுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த பிளவுகளில் வவ்வால் எண்ணெய்க்கறை பளபளத்தது. ஒரு மூலையில் அள்ளப்படாமல் மிஞ்சியிருந்த குவியலைக் கையுறையோடு தொட்டுப் பார்த்தேன். எலிப் புழுக்கை விரலில் கெட்டியாக நிற்கும், இது தொட்டதும் தேயிலைத் தூளாக உதிர்ந்தது. உதிர்ந்ததில் வெயில் பட்டபோது மினுக்கியவை, வவ்வால்கள் தின்ற பூச்சிகளின் இறகுத் துணுக்குகள். கூரை ஓட்டை வழியாக மழைநீர் இறங்கியிருந்த இடத்தில் அந்தத் தூள் செம்மண் தரையோடு கலந்து கருத்த, மெத்தென்ற மண்ணாகியிருந்தது.

என்95 முகக்கவசம் அணிந்து, தூசி எழாதபடி நீர் தெளித்து, ஐந்து இடங்களிலிருந்து மண் எடுத்தோம். ஐந்திலும் ஆஸ்பெர்ஜிலஸும் மியூகரும் முந்திக்கொண்டு தட்டை மூடிவிட்டன; ஹிஸ்டோபிளாஸ்மா வளரவில்லை. மண்ணிலிருந்து இதை வளர்த்தெடுப்பது கடினம் என்பது அறிந்ததே. எனினும் என் குறிப்பில் 'தொற்றின் மூலம்: கிடங்கு மண், பெரிதும் சாத்தியம், ஆய்வகத்தில் நிறுவப்படவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தியாவில் முதல் நோயாளி 1954இல் கல்கத்தாவிலிருந்து பதிவானார், பின்னர் கங்கைச் சமவெளி மண்ணிலிருந்து பூஞ்சையும் பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் கிழக்கு, வட மாநிலங்களிலிருந்தே மிகுதியாகப் பதிவாகிறது. ஆகவே நோயாளி அங்கெல்லாம் போனவரா என்று இரண்டு முறை கேட்டேன். திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் அப்பால் அவர் எங்கும் போனதில்லை. சென்னை மண்ணில் இப்பூஞ்சை இருக்கிறது என்று இந்த ஒரு நோயாளியை வைத்து நான் சொல்லத் துணியமாட்டேன். இருக்கக்கூடும் என்று எண்ணித் தேடவேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

உடன் வேலை செய்த மூவரைத் தேடினோம். கீழே நின்று கோணியில் அள்ளிய 26 வயது இளைஞருக்குப் பத்து நாட்கள் காய்ச்சல் வந்து தானே தணிந்திருந்தது. அவர் எக்ஸ்ரேயில் நான்கைந்து சிறு புள்ளிகள் இருந்தன, மருந்து தேவைப்படவில்லை. குட்டியானை வண்டியில் மூட்டைகளை ஏற்றிய பெரியவருக்கு ஒன்றுமில்லை. நான்காமவர் பீகாரைச் சேர்ந்தவர், வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார், அவருடைய எண் உபயோகத்தில் இல்லை. பரண் மேல் ஏறியவருக்கு நோய் கடுமையாகவும், வெளியே நின்றவருக்கு ஒன்றுமில்லாமலும் போனது, சுவாசித்த புழுதியின் அளவோடு நோயின் கடுமை பொருந்துவதைக் காட்டுகிறது. நான்காமவரை என்னால் கண்டுபிடிக்க முடியாதது இன்றும் மனத்தை அரிக்கிறது. அவர் தம் ஊரில் ஏதோ ஒரு மருத்துவரிடம் இருமிக்கொண்டு நிற்கலாம், அங்கும் அவருடைய சீட்டில் ஒற்றைச் சொல்லே எழுதப்பட்டிருக்கலாம்.

அள்ளிய மண் ஒரு காலி மனையில் மேடு நிரப்பக் கொட்டப்பட்டிருந்தது. அதை நனைத்து, மேலே புது மண் போட்டு மூடும்படியும், மிஞ்சியிருக்கும் குவியலை நன்றாக நனைத்த பிறகே அள்ளவேண்டும், உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது, அள்ளுபவர்களுக்கு என்95 கவசம் வேண்டும் என்றும் மேஸ்திரிக்கும் உரிமையாளருக்கும் எழுதிக் கொடுத்தேன்.

சிகிச்சை

84ஆம் நாள் காசநோய் மருந்துகளை நிறுத்தி, பூஞ்சைக்கொல்லி மருந்தான இட்ராகோனசோல் 200 மி.கி. முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு மூன்று வேளையும், பின்னர் இரண்டு வேளையுமாகப் பன்னிரண்டு வாரங்களுக்குத் தொடங்கினோம். லேசான ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் மருந்தில்லாமலே ஆறிவிடும். நான்கு வாரத்துக்கு மேல் அறிகுறி நீடிப்பவர்களுக்கே மருந்து வேண்டும், இவருக்குப் பத்து வாரம் கடந்திருந்தது. மூச்சுத்திணறல் கடுமையாக இருந்திருந்தால் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லியை நரம்பின் வழியே முதலில் கொடுத்திருப்போம்.

இரண்டு வாரம் கழித்தும் காய்ச்சல் முழுதாக விடவில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம், ஒன்றுக்கு மேல் இருக்கவேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. காசநோய் மருந்திலுள்ள ரிஃபாம்பிசின், ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும், அதை நிறுத்திய பிறகும் அந்த விளைவு ஏறக்குறைய இரண்டு வாரம் நீடிக்கும் என்பதை நாங்கள் எதிர்பார்த்தே இருந்தோம். எதிர்பாராதது மஞ்சள் பைக்குள் இருந்தது. பழைய மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டச் சொன்னபோது, காசநோய் மருந்தோடு வயிற்றெரிச்சலுக்கென்று கொடுக்கப்பட்ட பான்டோபிரசோலை அவர் காலைதோறும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. இட்ராகோனசோல் கேப்சூல் கரைந்து உடலில் சேர இரைப்பையில் அமிலம் வேண்டும். அமிலத்தைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தி, கேப்சூலைச் சாப்பாட்டோடு, ஒரு குவளை கோலா பானத்துடன் விழுங்கச் சொன்னோம். அடுத்த வாரமே காய்ச்சல் விட்டது. ஐந்தாம் வார முடிவில் அளவு 1.9 ஆக உயர்ந்தது. பன்னிரண்டாம் வாரத்தில் எடை 60 கிலோ, ஆக்சிஜன் 98.

இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது என்று திசு அறிக்கை வந்த அன்றே அவர்களிடம் சொல்லியிருந்தேன். அவர் மனைவி அதை நம்புவதற்கு, நான் அதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டியிருந்தது. அன்றிரவு அவர் கீழே வந்து பிள்ளைகளோடு படுத்தார் என்பதை அடுத்த முறை வந்தபோது சொன்னார்கள். புறாக்கள் கொடுக்கப்படவில்லை.

பதிவுகள்

காசநோய்க்கு 2012 முதல் கட்டாய அறிவிக்கை உண்டு, அதற்கென ஒரு பதிவேடும் பணியாளர்களும் இருக்கிறார்கள். இவருடைய பெயர் அந்தப் பதிவேட்டில் இருந்தது. நோய் நிர்ணயம் மாறியதை எழுத்தில் தெரிவிக்காவிட்டால், 'மருந்தை நடுவில் விட்டவர்' என்ற பட்டியலில் சேர்ந்துவிடுவார். எனவே திசு அறிக்கையின் நகலோடு கடிதம் அனுப்பி அதைத் திருத்தச் செய்தோம். அவரது புதிய நோய்க்கு அப்படி ஒரு பதிவேடு இல்லாததால், ஆய்வகம் வளர்த்த பூஞ்சையைப் பாதுகாத்து வைக்கவும், வில்லைகளின் எண்களைக் குறித்து வைக்கவும் ஏற்பாடு செய்தோம்.

ஓராண்டு கழித்து எடுத்த சி.டி.யில் பெரும்பாலான முடிச்சுகள் மறைந்திருந்தன, ஏழு மட்டும் சுண்ணாம்பேறிய புள்ளிகளாக எஞ்சியிருந்தன. அவை இனி அவருடைய ஆயுள் முழுவதும் இருக்கும். பத்தாண்டு கழித்து வேறு எதற்காகவோ எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவர் அவற்றைப் பழைய காசநோய்த் தழும்பு என்று எழுதக்கூடும், ஸ்டீராய்டு தரவேண்டிய நிலை வந்தால் அந்தத் தவறு இவருக்குக் கேடாக முடியலாம். அதனால் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்: நோயின் பெயர், திசு எண், மருந்தும் காலமும், சுண்ணாம்புப் புள்ளிகள் எங்கெங்கே உள்ளன என்பது, எல்லாவற்றுக்கும் மேலே தொழில் பற்றிய அந்த மூன்று வரிகள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அதை லேமினேட் செய்து, மஞ்சள் பைக்குள் எக்ஸ்ரே உறையோடு சேர்த்து வைத்திருக்கிறார். போன மாதம் வந்தபோது அதை வெளியே எடுத்து, இப்போது வண்ணப்பூச்சு வேலைக்குப் போவதாகவும், அதையும் இதில் சேர்த்து எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார். பிளாஸ்டிக் மேல் பேனா பிடிக்காததால் புதிதாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.